மக்கள் வாழாத தீவு

மாலத்தீவின் சட்டத்தில் தீவுகள் இரண்டு வகை. மக்கள் வாழும் தீவு, மக்கள் வாழாத தீவு. சுமார் 1200 தீவுகளில் மக்கள் வாழும் தீவுகள் இருநூறுக்கும் குறைவு. பெரிய சுற்றுலா விடுதிகள் இருப்பதெல்லாம் இரண்டாம் வகையில். அங்கே நூற்றுக்கணக்கானோர் சமைக்கிறார்கள், படுக்கை விரிக்கிறார்கள், படகு ஓட்டுகிறார்கள், இரவில் அங்கேயே தூங்குகிறார்கள். இருந்தாலும் அது மக்கள் வாழாத தீவுதான். அந்தப் பெயர் இருப்பதால் அங்கே மது கிடைக்கும், பன்றி இறைச்சி கிடைக்கும், பிகினியோடு நடமாடலாம். அடுத்த தீவில், அரைமணி நேரப் படகுத் தொலைவில், இந்த மூன்றும் கூடாது. நாட்டின் பெரிய வருமானம் முழுவதும் நிற்பது இந்தச் சொல் விளையாட்டின்மேல். அதன் விலையைக் கொடுத்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர்கள் அந்நாட்டுப் பெண்கள் என்பதே என் வாதம்.

இதை இப்போது சொல்லவேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. தனியே பயணம் போகும் பெண்ணை நாம் கொண்டாடத் தொடங்கியிருக்கிறோம். கொண்டாடத்தான் வேண்டும். வாசற்படி தாண்ட அப்பாவிடம் ஒன்று, கணவனிடம் ஒன்று என்று அனுமதி வாங்கிய தலைமுறைகளின் பேத்திகள் நாம். ஆனால் விடுதிக்காரர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். காலையில் சர்ஃபிங், பகலில் ஸ்நார்கெலிங், மாலையில் தோணியில் மீன்பிடிப்பு என்று ஒரு பொதி கட்டி, அதன்மேல் ‘விடுதலை’ என்று சீட்டு ஒட்டி நம்மிடமே விற்கிறார்கள். பணம் கொடுத்து நான்கு நாள் வாங்கும் வெளியை விடுதலை என்று சொல்வதற்குமுன், அந்தப் பொதியில் உள்ள மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

மீனிலிருந்து தொடங்குவோம். தோணி என்பது நம் சொல். அவர்கள் மொழியிலும் அதுவே. தூண்டிலில் சூரை பிடிப்பது மாலத்தீவின் பெருமை. பிடித்தவர்கள் ஆண்கள். பிடித்ததை அறுத்து, வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் காயவைத்துக் கட்டை போல் இறுக்கி, ஆண்டு முழுவதும் கெடாத பண்டமாக்கியவர்கள் பெண்கள். நாம் மாசிக்கருவாடு என்கிறோமே, அதுதான். யாழ்ப்பாணத்துச் சம்பலிலும் தூத்துக்குடிக் குழம்பிலும் விழுந்தது அந்தப் பெண்களின் உழைப்பு. 1970களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியில் இலங்கை இறக்குமதியைக் குறைத்தது. அதே காலத்தில் வெளிநாட்டுக் குளிர்பதனக் கப்பல்கள் வந்து பச்சை மீனைக் கடலிலேயே வாங்கிக்கொண்டன. தோணிகளுக்கு இயந்திரம் வந்தது. மீன் கரைக்கு வருவது குறைந்தது; காசு ஆண் கைக்கு நேரே போனது. 1970களின் இறுதியில் பாதிக்கும் மேற்பட்ட பெண்கள் உழைப்பாளர் கணக்கில் இருந்தார்கள். 1990இல் அது கால்பங்குக்கும் கீழே இறங்கியது. ஒரே தலைமுறைக்குள் பெண்கள் வீட்டுக்குள் தள்ளப்பட்டார்கள். எந்த மதகுருவும் ஆணையிடவில்லை. சந்தை மாறியது, அவ்வளவுதான்.

சரியாக அந்த வேளையில்தான் சுற்றுலா வந்தது. 1972இல் முதல் விடுதி, குரும்பா. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பது கொள்கையானது. மீன் வேலை போன பெண்களை இந்தப் புதிய வேலை அணைத்துக்கொண்டதா? இல்லை. விடுதியில் வேலை என்றால் அந்தத் தீவிலேயே மாதக்கணக்கில் தங்கவேண்டும். குடும்பத்தோடு தங்க இடமில்லை. மாலையில் வீடு திரும்பப் படகில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. போதாததற்கு, மது ஊற்றும் இடத்துக்குப் போன பெண் என்ற பேச்சு. அதனால் விடுதிகளில் உள்ளூர்ப் பெண்கள் மிகச் சிலரே. அந்த இடங்களை நிரப்பியவர்கள் உள்ளூர் ஆண்களும், வங்கதேசம், இலங்கை, கேரளம், தமிழ்நாடு என்று வெளியிலிருந்து வந்த ஆண்களும். ஊரில் மிஞ்சிய பெண்களுக்குக் கிடைத்தது கிடுகு முடைவது. விடுதிக் குடில்களின் கூரைக்கான தென்னங்கீற்றுகளை முடைந்து விற்றார்கள். தாங்கள் முடைந்த கூரையின் கீழ் நிற்க வழியில்லாத பெண்கள். இப்போது அந்த வேலையையும் செயற்கைக் கீற்று தின்றுகொண்டிருக்கிறது.

அடுத்தது அலை. 1973இல் கப்பல் உடைந்து கரை சேர்ந்த ஓர் ஆஸ்திரேலியர் இங்கே சர்ஃபிங்கைத் தொடங்கிவைத்தார் என்பது அலைச்சறுக்குக்காரர்கள் எல்லோரும் சொல்லும் கதை. அலைகளுக்கு வந்தவர்கள் பெயர் வைத்தார்கள். ஹிம்மாஃபுஷித் தீவில் சிறைச்சாலை இருந்ததால் அதன் பக்கத்து அலைக்கு ‘ஜெயில்பிரேக்ஸ்’ என்று பெயர். சிறையுடைப்பு! சில அலைகள் விடுதி விருந்தினருக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டன. அதாவது கடலின் ஒரு பகுதிக்கே வாடகை. சர்ஃபிங் செய்யும் மாலத்தீவுப் பெண்களும் இருக்கிறார்கள். முழு உடை உடுத்தி, ஊரின் கண்களையும் சேர்த்துச் சுமந்துகொண்டு அவர்கள் அலை ஏறுகிறார்கள். அவர்களைப் பற்றி எந்த விளம்பரமும் பேசாது. விளம்பரத்துக்கு வேண்டியது ஆளில்லாத அலையும் அதன்மேல் ஒரு வெள்ளை உடலும்.

மூன்றாவது பவளம். முகமூடி மாட்டித் தண்ணீரில் குப்புறக் கிடந்து மீன்களைப் பார்ப்பது இனிமையானதுதான். 1998இலும் 2016இலும் கடல் சூடேறி அந்தப் பவளங்கள் வெளுத்தன. ஆகாய விமானத்தில் வந்து பார்க்கும் நாம் எல்லோரும் அந்தச் சூட்டில் பங்காளிகள். ஆனால் ஆழமில்லாத இந்த நீர் ஒரு காலத்தில் யாருடைய வேலைக்களம்? பெண்களுடையது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாலத்தீவில் சில ஆண்டுகள் இருக்க நேர்ந்த பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார், பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று சோழி பொறுக்கியதை எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சோழிதான் வங்காளம் முதல் ஆப்பிரிக்கா வரை நாணயமாகப் புழங்கியது. உலக வணிகத்தின் சில்லறையைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கொடுத்த பெண்களின் பேத்திகளுக்கு அதே தண்ணீர் இன்று அந்நிய இடம்.

‘அது அவர்கள் மதம், அவர்கள் பண்பாடு, நாம் தலையிடலாமா?’ என்று ஒரு குரல் எழும். மதிப்போடு பேசுவது போல் தோன்றும் இந்தக் குரல் உண்மையில் சோம்பேறித்தனம். 14ஆம் நூற்றாண்டில் இபின் பதூதா மாலத்தீவுக்கு வந்தபோது ஆட்சியில் இருந்தவர் கதீஜா என்ற சுல்தானா. பதூதா அங்கே நீதிபதியாக உட்கார்ந்தார். பெண்களை மேலுடை அணியவைக்க முயன்றார், முடியவில்லை. அவரே அதை ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். அவர்களும் முஸ்லிம் பெண்களே. இன்னொன்றையும் எழுதினார்: கப்பலில் வருகிறவர்கள் அங்கே திருமணம் செய்துகொள்வார்கள், கிளம்பும்போது மணவிலக்குக் கொடுத்துவிடுவார்கள், பெண்கள் நாட்டைவிட்டுப் போகமாட்டார்கள் என்று. வருகிறவன் அனுபவித்துவிட்டுப் போவான், பெண் தீவிலேயே இருப்பாள். பதூதா பிறகு மதுரைக்கும் வந்தார். பயணியின் கண் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள அவர் நமக்கும் உதவுவார்.

ஆகவே இன்றைய ஒடுக்குமுறை ஆதிகாலத்துப் பண்பாடு இல்லை. அதில் கணிசமான பகுதி நவீன அரசு போட்ட ஏற்பாடு. வருமானத்தை ஒரு தீவில் வைத்து, ஒழுக்கத்தை இன்னொரு தீவில் வைத்தார்கள். டாலர் வேண்டும், ஆனால் டாலர் கொண்டுவரும் பழக்கங்களின் கறை ஊர்மேல் படக்கூடாது. அந்தக் கறை படாத ஊரின் அடையாளமாகப் பெண்ணின் உடல் நிறுத்தப்பட்டது. 2009க்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளிலும் சிறு விருந்தினர் விடுதிகள் வந்தபோது, கடற்கரையில் ஒரு துண்டை மறைப்புக் கட்டிப் ‘பிகினி கடற்கரை’ ஆக்கினார்கள். மறைப்புக்கு அந்தப்பக்கம் ஒரு சட்டம், இந்தப்பக்கம் ஒரு சட்டம். 2020 பிப்ரவரியில் மாஃபுஷி தீவுத் தெருவில் பிகினியோடு நடந்த பிரிட்டன் பெண்ணைப் போலீசார் பலவந்தமாகப் பிடித்தார்கள். காணொளி பரவியதும் போலீஸ் தலைவரே மன்னிப்புக் கேட்டார். கேட்டது சரி.

ஆனால் 2013இல் என்ன நடந்தது? பாலியல் வன்முறைக்கு ஆளான 15 வயதுச் சிறுமி ஒருத்திக்கு, மணமாகாமல் உறவு கொண்டாள் என்று நூறு கசையடி விதித்தது நீதிமன்றம். அதற்கு ஒன்றேகால் ஆண்டுக்கு முன்பே, 2011 நவம்பரில், ஐ.நா. மனித உரிமை ஆணையர் நவி பிள்ளை மாலத்தீவு நாடாளுமன்றத்தில் நின்று, கசையடித் தண்டனையை நிறுத்துங்கள் என்று கேட்டிருந்தார். டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பெண் அவர். அவர் பேச்சுக்கு எதிராகத் தெருவில் கூட்டம் கூடியது. சிறுமிக்காக உலகெங்கும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். சுற்றுலாப் பெயரைக் கெடுப்போம் என்று எச்சரித்தார்கள். ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அந்தக் குழந்தை தப்பியது நல்லது. ஆனால் பயணிக்கு மன்னிப்பு தானாக வந்தது. குடிமகளுக்கு நியாயம் கிடைக்க உலகமே திரளவேண்டியிருந்தது.

‘அப்படியானால் புறக்கணிப்போம்’ என்று உடனே கிளம்புவதும் எனக்கு ஒப்பவில்லை. 2024 ஜனவரியில் நம் நாட்டிலேயே மாலத்தீவைப் புறக்கணிப்போம் என்று பெரிய கூச்சல் எழுந்தது. மாலத்தீவுத் துணை அமைச்சர்கள் மூவர் இந்தியப் பிரதமரை இழிவாகப் பேசியதுதான் காரணம். அந்தக் கூச்சலில் ஒரு பெண்ணின் பெயர் இல்லை, ஒரு பெண்ணின் கூலி இல்லை. முஸ்லிம் நாடு என்பதே போதுமானதாக இருந்தது. பெண்களுக்காக இரங்குவது போல் முஸ்லிம்களை வெறுக்க வருகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையில் ஒரு வரிகூடப் பயன்படக்கூடாது. அந்த நாட்டுப் பெண்கள் நம் இரக்கத்துக்காகக் காத்திருக்கவில்லை. 2019இல் உச்சநீதிமன்றத்தில் முதன்முறையாக இரண்டு பெண்கள் நீதிபதிகளானார்கள். உள்ளாட்சி மன்றங்களில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்கள் பெற்றார்கள். 2024 தேர்தலில் 93 பேர் கொண்ட நாடாளுமன்றத்துக்குப் போனது மூன்று பெண்கள் மட்டுமே என்பதும் உண்மை. போராட்டம் அங்கே நடந்துகொண்டிருக்கிறது, அவர்கள் கையால்.

நம் பங்கு நம் பக்கத்தில் இருக்கிறது. மாலத்தீவை விட்டு லட்சத்தீவுக்கு வாருங்கள் என்றார்கள் அல்லவா? அதைப் பற்றிப் பேசுவோம். லட்சத்தீவு முஸ்லிம்களிடம் தாய்வழிச் சொத்துரிமை உண்டு. மினிக்காய் தீவில் ஆண்கள் கப்பலேறிப் போக, வீட்டையும் ஊரையும் நடத்தியவர்கள் பெண்கள். அவர்கள் மொழி மாலத்தீவு மொழிதான். சூரையைப் புகையூட்டிக் காயவைக்கும் தொழிலும் அதேதான். அங்கேயும் ஆளில்லாத தீவு என்று ஒன்றைக் காட்டி, பங்காரத்தில் மட்டும் மதுவுக்கு அனுமதி என்ற ஏற்பாடு ஏற்கெனவே வந்தது. சுஹேலியிலும் கடமத்திலும் பெரிய விடுதிகள் வரும் என்று 2023இல் அறிவித்தார்கள். மாலத்தீவில் ஐம்பது ஆண்டுகளில் நடந்ததை இங்கே ஐந்து ஆண்டுகளில் நடத்திவிடலாம்.

எனவே பயணம் போகும் தோழிகளே, போங்கள். கடல் எல்லோருக்கும் பொது. ஆனால் அறை பதிவு செய்யும்போது சாப்பாட்டையும் அலையின் உயரத்தையும் விசாரிக்கிற அதே குரலில் இதையும் விசாரியுங்கள்: இங்கே உள்ளூர்ப் பெண்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? மாலையில் வீடு திரும்ப அவர்களுக்குப் படகு உண்டா? குழந்தைக் காப்பகம் உண்டா? கூலி ஆணுக்குச் சமமா? மீனையும் கீற்றையும் யாரிடம் வாங்குகிறீர்கள்? ஒருத்தி கேட்டால் சிரிப்பார்கள், ஆயிரம் பேர் கேட்டால் கணக்கு எடுப்பார்கள். மாணவிகளே, லட்சத்தீவில் கட்டடம் எழும்புமுன் அந்தத் திட்ட அறிக்கைகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் பெண் என்ற சொல் எத்தனை முறை வருகிறது, எந்த வேலையோடு வருகிறது என்று எண்ணுங்கள். மக்கள் வாழாத தீவு என்று யாராவது வரைபடத்தில் விரலை வைத்தால், அந்தக் கரையில் இதுவரை வலை காயவைத்தவர்கள் யார், கயிறு திரித்தவர்கள் யார் என்று முதலில் பதில் சொல்லச் சொல்லுங்கள்.