குற்றாலச் சாரலோடு புகையையும் சுவாசிக்க வேண்டுமா?

ஜூன் பிறந்தால் குற்றாலத்தில் சீசன். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று வெளியூர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். அருவியில் சோப்பு, ஷாம்பு போடக்கூடாது என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். தண்ணீருக்குக் காட்டும் அக்கறையைக் காற்றுக்கு ஏன் காட்டுவதில்லை? ஈரத் துண்டோடு வருபவர்கள் முதலில் கேட்பது சூடாக ஒரு டீ. பலருக்கு அடுத்தது ஒரு சிகரெட். மழைக்காக அதே டீக்கடையில் ஒதுங்கி நிற்கும் தாயும் கைக்குழந்தையும் அந்தப் புகையைத்தான் இழுக்கிறார்கள். தென்காசிப் பக்கத்துப் பேருந்து நிறுத்தங்களிலும் இதே கதைதான்.

கேட்டால், "திறந்தவெளிதானே" என்பார்கள். 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் உள்ள விதிகள் அந்தச் சாக்கை ஏற்பதில்லை. பேருந்து நிறுத்தம் உட்பட, பொதுமக்கள் வந்துபோகும் திறந்த இடங்களிலும் புகைக்கக் கூடாது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். உணவகம் போன்ற பொது இடங்களில் எச்சரிக்கைப் பலகையும், யாரிடம் புகார் சொல்வது என்ற விவரமும் இருக்க வேண்டும்.

பீடிக்கும் தென்காசி மாவட்டத்துக்கும் உறவு அதிகம். ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம் வட்டாரங்களில் திண்ணைக்குத் திண்ணை பெண்கள் சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். கத்தரித்த இலையில் தூளைப் பரப்பி, உருட்டி, நூலால் கட்டி, முனையை மடக்க வேண்டும். சுற்றச் சுற்றத் தூள் பறந்து மூக்கில் ஏறுகிறது. ஒரு பீடிகூடப் பிடிக்காத அவர்களுக்கும் இருமல், மூச்சிரைப்பு. பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளைக்கும் அதே நெடி.

"பீடி வெறும் இலைதானே, ஒன்றும் செய்யாது" என்ற நம்பிக்கையும் இங்கே வேரூன்றிக் கிடக்கிறது. அது தவறு. பீடி தானாக எரியாது. அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். அதனால் நிகோட்டினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறையாமல் உடம்பில் சேர்கின்றன. நுரையீரல், வாய், தொண்டைப் புற்றுநோய்கள், மாரடைப்பு, பக்கவாதம், காசநோய் என்று பட்டியல் நீளும். சிலருக்குக் கால் ரத்தக்குழாய்கள் அடைத்து, விரல் கறுத்து, காலையே எடுக்கும் நிலையும் வரும்.

ஆனால் நிறுத்தினால் உடம்பு மீளத் தொடங்கும். 20 நிமிடத்தில் இதயத் துடிப்பு தணிகிறது. சில மாதங்களில் இருமலும் இரைப்பும் குறைகின்றன. ஓராண்டில் மாரடைப்பு அபாயம், புகைப்பவருக்கு உள்ளதில் ஏறக்குறையப் பாதியாகிறது. பத்தாண்டில் நுரையீரல் புற்றுநோயால் சாகும் அபாயமும் பாதியளவுக்கு இறங்குகிறது. பிரிட்டனில் ரிச்சர்ட் டால் குழுவினர் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட முடிவின்படி, 60 வயதில் விட்டவர்களுக்குக்கூட ஏறத்தாழ 3 ஆண்டு ஆயுள் கூடுகிறது. 30 வயதில் விட்டால் 10 ஆண்டு. 'இனி விட்டு என்ன ஆகப்போகிறது' என்று எந்தப் பெரியவரும் சொல்ல வேண்டியதில்லை.

விட நினைப்பவருக்கு உதவ 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். பாக்கெட்டின் மேலேயே அது அச்சாகியிருக்கிறது. ஆனால் பெட்டிக்கடையில் ஒற்றைச் சிகரெட் வாங்குபவரின் கைக்குப் பாக்கெட் வருவதே இல்லையே!

அதனால் மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது இதுதான். அருவிக்கரைகளிலும் பேருந்து நிறுத்தங்களிலும் புகைத்தடைப் பலகையோடு இந்த எண்ணும் பெரிதாகத் தமிழில் எழுதப்பட வேண்டும்; புகையிலை விற்கும் ஒவ்வொரு கடையிலும் அது கண்ணில் பட வேண்டும். சீசன் நாட்களில் அபராதம் விதிக்க ஆள் நிற்க வேண்டும். அரசு மருத்துவமனைக்கு இருமலோடு வருபவரிடம் புகைப்பழக்கத்தைக் கேட்டு, நிறுத்த ஆலோசனையும் தேவையான மருந்தும் தர வேண்டும். பீடி சுற்றும் பெண்களுக்குக் கிராமத்திலேயே நுரையீரல் பரிசோதனையும், மாற்றுத் தொழிலுக்குப் பயிற்சியும் கடனும் கிடைக்க வேண்டும். இதில் பெரும்பாலானவற்றுக்குப் புதுச் சட்டம் வேண்டாம். அடுத்த சீசன் கூட்டம் வந்து இறங்குவதற்குள் பலகைகளையாவது நட்டுவிடலாம். வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.