பூட்டுவதா? படைப்பதா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

2025 ஜூன் மாதம் பாரிஸ் நகரில் நடைபெற்ற விமானக் கண்காட்சியில் ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. பிரான்ஸ் நாட்டுத் தஸ்ஸோ நிறுவனமும் இந்தியாவின் ரிலையன்ஸ் ஏரோஸ்ட்ரக்சர் நிறுவனமும் இணைந்து 'ஃபால்கன் 2000' என்ற சிறு ஜெட் விமானத்தை நாக்பூரில் கட்டப்போகின்றன. 2028-க்குள் முதல் விமானம் பறக்கும் என்பதே அச்செய்தி. ஃபால்கன் விமானம் பிரான்சுக்கு வெளியே முழுமையாகக் கட்டப்படுவது இதுவே முதல் முறை. பத்திரிகைகள் மகிழ்ந்து எழுதின. மகிழலாம், தவறில்லை. ஆனால், கைதட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். அந்த விமானத்தை நாம் பூட்டப் போகிறோமா, படைக்கப் போகிறோமா?

பத்துப் பேர் ஏறும் பணக்காரர் ஊர்தியைப் பற்றி அரசு கலைக் கல்லூரி மாணவனுக்கு என்ன கவலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். பெருங்குடிப் பக்கம் இறங்கும் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆயினும், ஏறுகிறவர் யார் என்பது ஒரு கேள்வி. செய்கிறவர் யார் என்பது வேறொரு கேள்வி. பட்டு உடுத்துபவரைப் பற்றி நமக்குக் கவலையில்லாமல் இருக்கலாம்; அதை நெய்பவரைப் பற்றிக் கவலையில்லாமல் இருக்க முடியுமா?

மரத்தில் தொடங்கிய கதை

தஸ்ஸோ நிறுவனத்தின் வரலாறு ஒரு மரத்துண்டில் தொடங்குகிறது. முதல் உலகப் போரின்போது மார்செல் பிளாக் என்ற இளம் பொறியாளர், 'எக்ளேர்' என்ற சுழல்விசிறியை வடிவமைத்தார். அதைச் செதுக்கிக் கொடுத்தவர்கள் பாரிஸ் நகரத்து மரச்சாமான் தச்சர்கள். பிரெஞ்சுப் போர் விமானங்கள் அந்த விசிறியைச் சுழற்றிக்கொண்டு பறந்தன. பின்னர் அவரே விமானங்கள் கட்டினார். இரண்டாம் உலகப் போரில், யூதரான அவர், நாஜிகளோடு ஒத்துழைக்க மறுத்ததால் 1944-ல் புகன்வால்டு வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். உயிரோடு மீண்டவர், எதிர்ப்பியக்கத்தில் தம் தமையனார் வைத்திருந்த புனைபெயரை ஒட்டித் தம் பெயரைத் தஸ்ஸோ என்று மாற்றிக்கொண்டார்.

இப்பெயர் நமக்குப் புதிதன்று. 1953-ல் இந்திய விமானப் படைக்கு வந்த 'தூஃபானி', பின்பு வந்த 'மிஸ்தேர்', 1985-ல் வந்த 'மிராஜ் 2000', 2020-ல் அம்பாலாவில் இறங்கிய 'ரஃபேல்' ஆகிய அனைத்தும் அந்தப் பட்டறையின் குஞ்சுகளே. எழுபது ஆண்டுகளாக நாம் அவர்களுடைய வாடிக்கையாளர்!

போர் விமானம் கட்டியவர் 1963 மே 4 அன்று 'மிஸ்தேர் 20' என்ற சிறு பயணி ஜெட்டைப் பறக்கவிட்டார். போர் விமான இறக்கைகளில் பெற்ற அனுபவம் அதற்குக் கைகொடுத்தது. அட்லாண்டிக் கடலைத் தனியாகக் கடந்த புகழ்பெற்ற லிண்ட்பர்க், பான் அமெரிக்கன் நிறுவனத்தின் ஆலோசகராக வந்து அதைப் பார்த்தார்; பிடித்துப்போயிற்று. அந்நிறுவனம் நாற்பது விமானங்களுக்கு ஆணை கொடுத்தது. அமெரிக்கச் சந்தைக்காக அதற்கு வைத்த பெயரே ஃபால்கன், அதாவது ராஜாளி. இன்றுவரை இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ராஜாளிகள் உலகெங்கும் சென்றுள்ளன.

அவை செல்வர்களை மட்டுமா சுமந்தன? 1973 ஏப்ரல் 17 இரவு, அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரிலிருந்து பதினான்கு ஃபால்கன்கள் 25 நகரங்களுக்கு 186 பொட்டலங்களைச் சுமந்து சென்றன. இன்று உலகம் அறிந்த ஃபெடெக்ஸ் நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். கடலோரக் காவலுக்கும் ஃபால்கன்கள் பறந்தன. ஒரு நல்ல கருவி தன் பயனைத் தானே பெருக்கிக்கொள்ளும்.

இறக்கையில் இருக்கிறது இரகசியம்

இயற்பியல் மாணவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். விமானம் ஒலியின் வேகத்துக்குக் குறைவாகப் பறந்தாலும், இறக்கையின் வளைந்த மேற்புறத்தில் காற்று விரைந்தோடி ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும். அங்கே அதிர்ச்சி அலை எழும், காற்றின் தடை திடீரென்று கூடும், எரிபொருள் வீணாகும். இறக்கையின் மேற்புறத்தைத் தட்டையாக்கி, பின்முனையைச் சற்றே வளைத்தால் அந்த அலை வலுவிழக்கிறது. 1976-ல் பறந்த மூன்று என்ஜின் 'ஃபால்கன் 50' இத்தகைய இறக்கையைக் கொண்டது. அதனால் அது ஒரே மூச்சில் கடல் கடந்தது.

இத்தகைய வளைவுகளைக் காகிதத்தில் வரைந்து மாளாது என்று கண்ட தஸ்ஸோ பொறியாளர்கள், முப்பரிமாணத்தில் வரையும் கணிப்பொறி நிரல் ஒன்றைத் தமக்காக எழுதிக்கொண்டார்கள். அதுவே 'காட்டியா'. 1981-ல் அதற்கென்றே தனி நிறுவனம் பிறந்தது. இன்று கார் செய்பவரும் கப்பல் செய்பவரும் அதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். விமானத்தை வரைந்ததால் கிடைத்த இந்தச் செல்வம், விமானத்தைப் பூட்டியதால் மட்டும் கிடைத்திருக்குமா? பூட்டுகிறவனுக்குக் கூலி கிடைக்கும். வரைகிறவனுக்கு வித்தை கிடைக்கும்.

நம் கணக்கு

நமக்குப் பூட்டத் தெரியாததன்று. 1940-ல் வால்சந்த் ஹிராசந்த் மைசூர் அரசின் துணையோடு பெங்களூரில் தொடங்கிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை நெடுங்காலமாக அதைச் செய்துவருகிறது. கான்பூரில் பூட்டிய முதல் 'ஆவ்ரோ 748' விமானம் 1961 நவம்பரில் பறந்தது. பிரிட்டிஷ் வரைபடத்தைக் கொண்டு 89 விமானங்கள் அங்கே கட்டப்பட்டன. கட்டிய கைகள் திறமையான கைகள், ஐயமில்லை. ஆனால், அந்த ஆவ்ரோ மூப்படைந்தபோது அதற்கு மாற்றாக நாமே வரைந்த விமானம் வந்ததா? 2021-ல் ஐரோப்பாவின் 'சி-295' விமானங்கள் ஐம்பத்தாறுக்கு ஒப்பந்தம் போட்டோம். அவற்றுள் நாற்பதை வடோதராவில் பூட்டப்போகிறோம். அறுபது ஆண்டு கழித்து, புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறோம்!

வரைந்தும் பார்த்தோம். ஜெர்மானியரான கூர்ட் டாங்க் தலைமையில் நம் பொறியாளர்கள் வடிவமைத்த 'மாருத்' போர் விமானம் 1961 ஜூன் 17 அன்று பறந்தது. உடல் சிறந்தது, அதற்கேற்ற வலுவான என்ஜின் கிடைக்கவில்லை. 147 விமானங்களோடு நிறுத்திவிட்டோம். அடுத்ததாக நாம் வடிவமைத்த போர் விமானமான தேஜஸ் பறந்தது 2001 ஜனவரியில். இடையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள்! வரைந்தவர்கள் ஓய்வு பெற்றிருப்பார்கள். அவர்கள் கற்றதை யார் கையில் கொடுத்துச் செல்வது? பதினான்கு பேர் அமரும் 'சாரஸ்' 2004-ல் பறந்தது. 2009-ல் பெங்களூருக்கு அருகே பிடதியில் விழுந்து, விமானப்படை வீரர் மூவர் உயிரிழந்தனர். மீண்டும் ஒரு சாரஸ் பறக்க 2018 ஆயிற்று. தஸ்ஸோவோ ஒன்று முடியுமுன் அடுத்ததைத் தொடங்கியவர். வேறுபாடு மூளையில் இல்லை, தொடர்ச்சியில் இருக்கிறது.

ஏழை நாட்டுக்கு இதெல்லாம் ஆகுமா என்பார்க்குப் பிரேசிலைக் காட்டுவேன். நம்மைப் போலக் கரும்பு விளையும் நாடு. அங்கும் மாக்ஸ் ஹோல்ஸ்ட் என்ற அயல்நாட்டு நிபுணர் தலைமையில்தான் முதல் சிறு விமானம் 1968-ல் பறந்தது. 1969-ல் எம்ப்ரேயர் நிறுவனம் பிறந்தது. இத்தாலியப் பயிற்சி விமானத்தை உரிமம் பெற்றுப் பூட்டிக்கொண்டே, சொந்த விமானங்களையும் வரைந்தார்கள். 1970-ல் பயிருக்கு மருந்து தெளிக்கும் 'இபனேமா' வந்தது. 1972-ல் நாமும் 'பசந்த்' என்று ஒன்று செய்தோம். நாற்பதைக்கூட எட்டாமல் நின்றுபோயிற்று. இபனேமாவோ 1,500-ஐத் தாண்டி, 2004-லிருந்து கரும்புச் சாராயத்திலேயே பறக்கிறது. அந்தப் பிரேசிலிடம்தான் 2005-ல் நம் தலைவர்கள் பயணம் செய்ய 'லெகசி' ஜெட் விமானங்களை விலைக்கு வாங்கினோம்!

மதுரைக்குத் தெரிந்த பாடம்

தொலைதூரம் போவானேன்? 1911-ல் மதுரையில் டி. வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய நிறுவனம் முதலில் பேருந்து ஓட்டியது, வண்டி விற்றது, பழுது பார்த்தது. பின்னர் அயல்நாட்டாரோடு கூட்டுச் சேர்ந்து உதிரிப் பாகம் செய்தது. 1980-ல் அக்குடும்பத்திலிருந்து 'டி.வி.எஸ். 50' வந்தது. நம் வட்டாரத்தில் பால்காரரும் கீரைக்காரரும் அதை நம்பிப் பிழைத்தார்கள். அடுத்து ஜப்பானின் சுசுகியோடு கூட்டு. 2001-ல் கூட்டு முறிந்தபோது கம்பெனி படுத்துவிடவில்லை. தானே வடிவமைத்த 'விக்டர்' வண்டியோடு எழுந்து நின்றது. கூட்டுச் சேர்ந்த காலத்திலேயே வரையவும் கற்றுக்கொண்டதன் பலன் அது.

ஆகவே நாக்பூர்த் தொழிற்சாலையை எதிர்க்க வேண்டும் என்பது என் கட்சியன்று. அங்கே ஏற்கெனவே ஃபால்கனின் முன்பகுதிகளைச் செய்து பழகியிருக்கிறார்கள். பூட்டுதலும் ஒரு கல்வியே. ஆனால் அது முதல் வகுப்பு. அதிலேயே அறுபது ஆண்டு உட்கார்ந்திருக்கலாகாது. விமானக் கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு வரைபடக் கூடமும் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே அரசு கேட்க வேண்டும். சாரஸ் போன்ற முயற்சிக்கு ஆட்சி மாறினாலும் அதிகாரி மாறினாலும் பணம் நிற்கக்கூடாது.

இன்னொன்றும் உண்டு. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் முதலில் படித்தது திருச்சியில் இயற்பியல். பிறகுதான் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல். அன்று அந்நிறுவனம் பி.எஸ்ஸி. பட்டதாரிகளுக்குக் கதவு திறந்தது. கலைக் கல்லூரிகளில் இயற்பியலும் கணிதமும் படிக்கும் எங்களுக்கு அத்தகைய கதவுகள் பெருக வேண்டும். தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துக்குச் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என ஐந்து ஊர்களைத் தேர்ந்தார்கள்; மதுரை அதில் இல்லை. தெற்கே உள்ள பிள்ளைகள் பேருந்து ஏறிப் போய் வேலை கேட்பவர்களாகவே இருக்க வேண்டுமா?

அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யட்டும். நாம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள், கல்லூரி காணாதவர்கள். 1901-ல் ஆறடி நீள மரப்பெட்டி ஒன்றில் விசிறியால் காற்றைச் செலுத்தி, ஏறக்குறைய இருநூறு சிறு இறக்கைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்தக் கணக்குத்தான் 1903-ல் பறந்தது. பலகையும் விசிறியும் தராசும் மதுரையில் கிடைக்காத பொருள்களா? நம் அறிவியல் மன்றம் அடுத்த ஆண்டு அப்படி ஒரு காற்றுப் பெட்டியைச் செய்யட்டும். பேராசிரியர்கள் வழிகாட்டட்டும். நாக்பூரின் ராஜாளிக்கு நம் வாழ்த்துகள். அதற்கு அடுத்த பறவையின் இறக்கையை வரையும் கைகளுள் ஒன்று நம் வகுப்பிலிருந்து புறப்படட்டும்!