சைக்கிளைப் பூட்டு என்போருக்கு

நாவலப்பிட்டிப் புகையிரத நிலையத்தின் அயலிலே, காலை வண்டி கண்டிப் பக்கமாகப் புறப்பட்டுச் சென்ற பின்னர் சிறிது நேரம் நின்று பாருங்கள். வேலிக் கம்பியிலும் மின்கம்பத்திலும் கடைத் தூணிலும் சாய்ந்தபடி சில சைக்கிள்கள் நிற்கும். சிலவே தாம். யாழ்ப்பாணத்தைப் போல இது சமதரையூர் அன்று. இங்கிருந்து ஹட்டனை நோக்கி இருப்புப்பாதையே நாற்பத்து நான்கடிக்கு ஓரடி என்று ஏறுகிறது. எஞ்சினே மூச்சு வாங்கும் ஊரில் மனிதக் கால் என்ன செய்யும்? ஏறி மிதிக்கும் தூரம் பாதி, இறங்கித் தள்ளும் தூரம் பாதி. அப்படியிருந்தும் ஒருவர் இங்கே சைக்கிள் வைத்திருக்கிறார் என்றால், அது பொழுதுபோக்குக்காக அன்று என்பதை முதலில் மனத்திற் கொள்வோம்.

நிறுத்தி வைத்த சைக்கிள்களைப் பார்ப்பதில் நமக்கு நெடுநாளைய விருப்பம் உண்டு. முன்சில்லைத் தாங்கும் கவை இரட்டைக் குழாயாக அமைந்திருந்தால் அது பழைய ஹம்பர். கழுத்துத் தகட்டிலே நாரையின் தலை பொறித்திருந்தால் றலி. நம் நாட்டிற் செய்த லுமாலாவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை; ஆனால் அதிகம் உழைப்பது அதுதான். பின்கரியரில் மரப்பெட்டியை ரப்பர் நாடாவால் இறுகக் கட்டியிருப்பது மீன்காரருடையது. விரித்தால் சிறு கடையாகிவிடும் பெட்டியைச் சுமந்து நிற்பது லொத்தர்ச் சீட்டு விற்பவருடையது. சொந்தக்காரரைக் காணாமலே அவருடைய தொழிலையும், வருமானத்தையும், எந்தத் தோளில் அவருக்கு வலி என்பதையும் சொல்லிவிடலாம்.

அண்மைக் காலமாக, பழைய றலியைக் கண்டதும் நின்று படம் பிடித்து, "ஆகா, என்ன அழகு!" என்று உருகும் கனவான்கள் பெருகியிருக்கிறார்கள். துருவிலே அழகைக் காணும் கண், எண்ணெய் வாங்க வழியற்றவனைக் காண்பதில்லை. அந்த றலி பிறந்த நொட்டிங்காம் நகரத் தொழிற்சாலையிலே கூலிக்கு உழைத்தவர் அலன் சிலிட்டோ. 1958 இல் வெளிவந்த தமது நாவலின் நாயகனைச் சைக்கிள் தொழிற்சாலைக் கடைசல் தொழிலாளியாகவே படைத்தார். 1874 இல் நாவலப்பிட்டி வரை நீட்டப்பட்ட இருப்புப்பாதை வழியே முதலிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் அந்த நாட்டுக்குப் போயின. அங்கிருந்து சைக்கிள் இங்கே வந்தது. இரு முனையிலும் உழைத்தவர்கள் ஒருவரை ஒருவர் அறியார். படம் பிடிக்கும் கனவானுக்கும் இது தெரியாது. போகட்டும்.

நாம் வழக்காட வந்தது வேறொரு கூட்டத்தாரோடு. நம் நண்பரான ஆசிரியர் ஒருவர், தமது சைக்கிள் களவு போனதை முறையிடச் சென்றார். இடத்தின் பெயர் வேண்டாம். அவருக்குக் கிடைத்த முதற் கேள்வி: "ஏன் ஒழுங்காகப் பூட்டவில்லை?" களவெடுத்தவனைப் பற்றிய கேள்வி கடைசி வரை வரவேயில்லை! பொருளை இழந்தவனே குற்றவாளி என்னும் இந்த நீதி, கார் களவு போனவரிடத்தில் இவ்வளவு துணிவாகப் பேசுமா?

கணக்கைப் பாருங்கள். நெடும் போராட்டத்தின் பின் தோட்டத் தொழிலாளிக்கு 1,000 ரூபாய் நாட்கூலி நிர்ணயிக்கப்பட்டது 2021 இல். மறு ஆண்டு ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட இயலாதென்று கைவிரித்தது. ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் இல்லை என்று அறிவித்தது. உடனே பத்திரிகைகள் சைக்கிளின் புகழ் பாடின. புதுச் சைக்கிளின் விலை ஐம்பது நாட்கூலியைத் தாண்டி ஓடிற்று. ஆகவே அந்நாளில் ஒரு சைக்கிளை இழந்த தொழிலாளி இழந்தது இரண்டு மாத உழைப்பை. பெற்றோல் மீண்டும் வந்ததும் புகழ் பாடியவர்கள் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வித்தோரியோ தெ சீக்கா 1948 இல் எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' படத்தைப் பார்த்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. சைக்கிள் இருந்தால்தான் சுவரொட்டி ஒட்டும் வேலை. அடகிலிருக்கும் சைக்கிளை மீட்க மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைக்கிறாள். வேலையின் முதல் நாளே சைக்கிள் களவு போகிறது. முடிவில் அவனே ஒரு சைக்கிளைத் திருட முயன்று, மகன் பார்த்திருக்கப் பிடிபடுகிறான். இதைப் பார்த்துவிட்டு, "நல்ல பூட்டொன்று வாங்கியிருக்கலாமே" என்று எழுந்து போகிறவரை என்னவென்பது?

பூட்ட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பூட்டத் தெரிந்தவர்கள்தான் பேசுகிறோம். முன்சில்லை மட்டும் கம்பத்தோடு பூட்டிச் செல்பவர், மாலையில் முன்சில்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோக நேரலாம். பின்சில்லையும் சட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்து, அசையாத இரும்போடு பூட்டுக. அந்த இரும்பின் தலைக்கு மேலாகச் சைக்கிளைத் தூக்கி எடுக்க முடியாதிருக்க வேண்டும். சங்கிலி நிலத்திற் கிடந்தால், நிலமே பட்டடையாகிவிடும். சுத்தியல் அடி நன்றாக விழும். விரல் தடிப்புக் கம்பிவடப் பூட்டு வெறுங் காட்சிக்கு. ஒரு குறட்டுக்கு அது தாங்காது. கனத்த சங்கிலியோ வளைந்த உருக்குப் பூட்டோ நல்லது. சாவித் துவாரம் கீழ்நோக்கியிருக்கட்டும், ஏனெனில் இந்த ஊரின் மழை பூட்டையும் விடாது.

இத்தனையும் சொன்ன பின் ஒரு கேள்வி எஞ்சுகிறது: அசையாத அந்த இரும்பு எங்கே? பூட்டு நம்முடையது, சாவி நம்முடையது, எதனோடு பூட்டுவது? கடைக்காரர் தமது தூணிலிருந்து விரட்டுகிறார். மின்கம்பம் நம் சங்கிலியின் நீளத்துக்கு அடங்குவதில்லை. இரவிலோ நிலைமை இன்னும் மோசம். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவிலே, குழந்தைகள் படுக்கும் பாயை ஒதுக்கிவிட்டுச் சைக்கிளை அடுப்போரம் நிறுத்தும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களிடம் போய்ப் பூட்டின் பெருமையைப் பேசுவீர்களா?

வழி இல்லாமலில்லை. நல்லூர்த் திருவிழாக் காலத்திலே சைக்கிள் பாதுகாப்பிடங்களில் ஒரு துண்டைக் கொடுத்து, மறு துண்டைக் கைப்பிடியிற் கட்டி, ஆயிரக்கணக்கான வண்டிகளைக் காத்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள். 1990களின் பொருளாதாரத் தடைக்குள்ளே சைக்கிளில் நோயாளியையும் விறகையும் ஏற்றிச் சென்று, அதன் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் அவர்கள். சைக்கிளின் விலை அவர்களுக்குத் தெரியும். கடல் கடந்து சென்றால், நெதர்லாந்தின் உத்ரெக்ட் புகையிரத நிலையத்தின் கீழே 12,500 சைக்கிள்களுக்கான நிறுத்துமிடம் 2019 இல் முழுமை பெற்றது. முதல் இருபத்து நான்கு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை. "அது பணக்கார நாடு" என்பார்கள். உண்மைதான். ஆனால் கவிழ்த்த 'ப' வடிவில் வளைத்த இரும்புக் குழாயைக் கொங்கிறீற்றிலே புதைப்பதற்குப் பணக்கார நாடு தேவையில்லை; கடைவீதியின் எந்த ஒட்டுவேலைக்காரரும் அரைநாளிற் செய்வார். ஒரு வளைவில் இரண்டு சைக்கிள் நிற்கும். ஒரு கார் அடைத்துக்கொள்ளும் இடத்தில் எட்டுப் பத்துச் சைக்கிள்கள் நிற்கும். சைக்கிளுக்கும் ஆண்டு வரி அறவிட உள்ளூராட்சிச் சட்டங்கள் இடமளிக்கின்றன. தொகை அற்பமானது என்பார்கள். நாம் கேட்கும் இரும்பும் அற்பமானதுதானே!

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே, புகையிரத நிலையத்தின் அயலில் பத்து இரும்பு வளைவுகள், மேலே ஒரு தகரக் கூரை, பகற்பொழுதுக்கு ஒரு காவலாள் என்று கேட்டு மனு எழுதுங்கள். எழுதுமுன் ஒரு கிழமைக்குக் காலையிலே வந்து எண்ணுங்கள்: எத்தனை சைக்கிள்கள் நிற்கின்றன, எத்தனை இரும்போடு பூட்டப்பட்டிருக்கின்றன, எத்தனை வெறுஞ்சுவரிற் சாய்ந்திருக்கின்றன. அந்த மூன்று எண்களையும் மனுவின் முதல் வரியிலே போடுங்கள்.