பெயர் ஓரிடம், பிழைப்பு ஓரிடம்

2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் 81 சதவீத வாக்குகள் பதிவாயின. மத்திய சென்னை 54 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. நகரத்தாரின் அலட்சியம் என்கிறோம். அது பாதி உண்மைதான். வாடகை வீடு மாறியவரின் பெயர் பழைய முகவரியிலேயே கிடக்கிறது. இறந்தோர் பெயர் நீங்காத பட்டியலில் சதவீதம் தானாகக் குறையும். ஊரில் வாக்குள்ள கட்டுமானத் தொழிலாளியோ பேருந்துக் கட்டணத்தோடு இரண்டு நாள் கூலியையும் இழக்க வேண்டும். ஊதியத்துடன் விடுமுறை சட்டத்தில் இருக்கிறது. அவருக்கு அதை யார் தருகிறார்கள்? 85 வயது கடந்தோரின் வீடு தேடிச் சென்றது தேர்தல் ஆணையம். பாராட்டுகிறோம். கட்சிகளின் எதிர்ப்பால் 2023 ஜனவரியில் தடைப்பட்ட, பிழைக்கும் ஊரிலிருந்தே வாக்களிக்க வழிசெய்யும் தொலைதூர வாக்குப்பதிவுத் திட்டத்தையும், ஐயங்களுக்கு வெளிப்படையாக விடையளித்து, ஆணையம் மீண்டும் கையிலெடுக்க வேண்டும்.