சராசரி ஆளை அளக்காது



கனடாவில் இருக்கும் நம் பிள்ளைகள் ஐஸ் ஹாக்கி பற்றி எழுதுவதை விடாமல் படிக்கிறேன். ஒன்றை மட்டும் ஏற்க முடியவில்லை. ரஷ்யாவின் கே.எச்.எல். லீகிலிருந்து ஒருவர் என்.எச்.எல்.லுக்கு வந்தால், "அங்கே எடுத்த புள்ளியில் முக்கால் பங்கு இங்கே எடுப்பான்" என்று கணக்குப் போடுகிறீர்கள். எடுக்காவிட்டால் "சரக்கில்லை" என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறீர்கள்.

பனாரின், ஷிபச்சோவ், ததோனோவ் மூவரும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அணியில் ஒரே வரிசையில் ஆடி, 2015இல் ககாரின் கோப்பையை வென்றவர்கள்.

பனாரின் அந்தப் பருவத்தில் 54 ஆட்டங்களில் 62 புள்ளிகள் எடுத்தார். அடுத்த பருவம் சிகாகோவில் 80 ஆட்டங்களில் 77. உங்கள் கணக்கு 69தான் சொல்லும். ததோனோவ் 2016-17இல் 53 ஆட்டங்களில் 66. அடுத்த பருவம் ஃபுளோரிடாவில் 74 ஆட்டங்களில் 65. இங்கும் உங்கள் கணக்கு 69. பரவாயில்லை, கிட்டே வருகிறது.

ஷிபச்சோவ்? 2016-17இல் 50 ஆட்டங்களில் 76 புள்ளிகள், ததோனோவைவிட அதிகம். உங்கள் கணக்குப்படி முழுப் பருவத்தில் 90ஐத் தாண்டவேண்டும். புதிதாகத் தொடங்கிய வேகாஸ் அணி 2 ஆண்டுக்கு 90 லட்சம் டாலர் பேசி அழைத்தது. ஆடியது 3 ஆட்டங்கள், அடித்தது 1 கோல்.

உடனே "தோற்றுப்போனவர்" என்கிறீர்கள். மற்ற அணிகள் பறித்துக்கொள்ளும் என்ற பயமில்லாமல் கீழ் லீகுக்கு அனுப்பக்கூடிய சிலரில் அவர் ஒருவர், அனுப்பினார்கள். அவர் போகாமல் ரஷ்யாவுக்கே திரும்பினார். 2020-21இல் கே.எச்.எல்.லின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். பொறுத்திருந்து போராடியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், அது அவருடைய பொறுமை பற்றிய கேள்வி, திறமை பற்றியதல்ல.

பனாரினுக்குக் கிடைத்ததைப் பாருங்கள். ஒரு பக்கம் அந்தப் பருவத்தில் 106 புள்ளிகள் எடுத்த பேட்ரிக் கேன். நடுவில் ரஷ்ய மொழி பேசும் அனிசிமோவ். வயது 24. ததோனோவ் முன்பே ஃபுளோரிடாவில் ஆடிப் பழகியவர். ஷிபச்சோவ் 30 வயதில் முதன்முறையாக அங்கே போனவர். 30 மீட்டர் அகலக் களத்தில் பழகிய கால்கள், 26 மீட்டர் அகலத்தில் புதிதாகப் பழகவேண்டும். இதில் எதுவாவது உங்கள் முக்காலுக்குள் இருக்கிறதா?

முக்கால் என்பது பலர் ஆடியதிலிருந்து எடுத்த சராசரி. வகுப்புச் சராசரி 60 என்பதற்காக, தேர்வுக்கே வராத பையனுக்கு எந்த ஆசிரியராவது 60 போடுவாரா? அல்லது, 60 எடுக்கவில்லை என்று அவனை மக்கு என்பாரா?

கணக்கே போடாதீர்கள் என்று சொல்லவில்லை. ஒருவரை எடுப்பதற்கு முன் அது உதவும். எடுத்தபின் நான்கு கேள்விகள் கேளுங்கள்: வயது என்ன? யாரோடு ஆடினார்? எத்தனை நிமிடம் களத்தில் விட்டார்கள்? எத்தனை ஆட்டம் கொடுத்தார்கள்? நான்காவதற்குப் பதில் 3 என்றால், பேனாவை மூடிவையுங்கள்.

மறுப்பு இருந்தால் தாராளமாக எழுதுங்கள். புள்ளிவிவரத்தோடு எழுதுங்கள்.