பிரேக் டிஸ்க் கழற்ற வரலையா? சுத்தியலை எடுக்கும் முன் இதைப் படிங்க!

சக்கரத்தைக் கழற்றியாச்சு, காலிப்பரும் கையில் வந்தாச்சு. ஆனால், தேய்ந்துபோன டிஸ்க் மட்டும் அசையவே மாட்டேன் என்கிறதா? காரணம், துரு. டிஸ்க் வார்ப்பிரும்பு என்பதால், மழைநீரும் உப்புக்காற்றும் பட்டு ஹப்போடு ஒட்டிக்கொள்ளும். கடலோர ஊர்க் கார்களில் இது சகஜம்.

காரை ஜாக்கை மட்டும் நம்பி நிறுத்தாதீர்கள். ஜாக் ஸ்டாண்டு அவசியம். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள்.

* டிஸ்க்கில் சின்ன ஸ்க்ரூ இருந்தால், முதலில் அதைக் கழற்றுங்கள்.

* பின்சக்கரமா? மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள்.

* ஹப்பும் டிஸ்க்கும் சேரும் இடத்தில் துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து, கால் மணி நேரம் காத்திருங்கள்.

* பல டிஸ்க்குகளில் மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் பொருத்தமான போல்ட்டுகளை மாட்டி, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால், டிஸ்க் தானே வெளியே வரும்.

* துளை இல்லையா? ரப்பர் சுத்தியலால், டிஸ்க்கைச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் வீல் பேரிங் பாழாகலாம்.

ஹப் துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்த பிறகே புது டிஸ்க். இல்லையென்றால் பிரேக் பிடிக்கும்போது பெடல் உதறும். இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். டிஸ்க்கில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கவே கூடாது.

முக்கியமாக, காரை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். மறந்தால், முதல் மிதியில் பிரேக் பிடிக்காமல் போகலாம்!