யானைமலை முக்கோணமா?

என் அக்காள் மகளுக்கு ஏழு வயது. மதுரையை அடுத்த ஒத்தக்கடையில் அவர்கள் வீடு. மொட்டைமாடியில் நின்றால் யானைமலை முழுவதும் தெரியும். படுத்திருக்கும் யானையைப் போல நீண்டு கிடக்கும் பெரும்பாறை அது. சென்ற விடுமுறையில் அந்த மாடியில் அவளோடு உட்கார்ந்திருந்தபோது, "ஒரு மலை வரைந்து காட்டு" என்றேன். நிமிர்ந்தும் பாராமல் இரண்டு முக்கோணங்கள் போட்டாள். நடுவே அரைவட்டச் சூரியன். "எதிரே இருப்பது அப்படியா இருக்கிறது?" என்று கேட்டேன். "அது யானைமலை மாமா! நீங்க மலைதானே கேட்டீங்க?" என்றாள்.

சிரித்துவிட்டேன், பிறகுதான் சிந்தித்தேன். அவளுடைய வண்ணப் படப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். மலை முக்கோணம், நிலா வட்டம், இலை நீள்வட்டம் என்று எதுகை மோனையோடு அடுக்கியிருந்தது. நிலா முழு வட்டமாகத் தெரிவது மாதத்தில் ஓரிரு இரவுகளே அன்றோ? வேப்பிலையும் அரசிலையும் நீள்வட்டமா? இத்தகைய பாடல்கள் வடிவத்தின் பெயரைக் கற்பிக்கின்றன. வடிவத்தைக் காணக் கற்பிப்பதில்லை. கண்ணெதிரே நிற்கும் மலையையே குழந்தையிடமிருந்து மறைத்துவிடுகின்றன என்பதே என் குறை.

நம் முன்னோர் இப்படிப் பாடவில்லை. குறுந்தொகையின் 240ஆம் பாட்டில் அவரைப்பூ கிளியின் அலகாகிறது. முல்லை அரும்பு காட்டுப்பூனையின் பல்லாகிறது. ஒன்றை உற்றுப் பார்த்தவனுக்கே அதைப் போன்ற இன்னொன்று தோன்றும். குழந்தையின் மனமும் இவ்வழியில்தான் செல்லும் என்பதில் ஐயமில்லை.

"அப்படியானால் கணக்குப் பாடத்துக்கு வடிவங்கள் வேண்டாமா?" என்று நண்பர்கள் கேட்கலாம். வேண்டும். அவற்றைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. பனங்காயைச் சீவினால் பெரும்பாலும் மூன்று நுங்குக் கண்கள். பிரண்டைத் தண்டைத் தடவினால் நான்கு விளிம்புகள். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் பெரும்பாலும் ஐந்து மூலைகள். தேனடையின் அறைக்கோ ஆறு பக்கங்கள். சம அளவுள்ள அறைகளாக ஒரு தளத்தைப் பிரிக்கும்போது மிகக் குறைந்த சுவரில் முடிவது அறுகோணமே என்பதைக் கணித அறிஞர் தாமஸ் ஹேல்ஸ் 1999இல்தான் முழுமையாக நிறுவினார். தேனீ அதை எந்தப் புத்தகத்தில் படித்தது? மூன்று, நான்கு, ஐந்து, ஆறு! அடுக்களையும் வேலியும் தோப்பும் சேர்ந்து ஒரு படப்புத்தகத்தையே தந்துவிட்டன. பாடுவதற்குத்தான் ஆளில்லை.

அப்பாட்டு விடையை முதலிலேயே சொல்லிவிடக் கூடாது. நறுக்கிய வெண்டைக்காயைப் படத்தில் காட்டி, "எத்தனை மூலை?" என்று கேட்டுவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். குழந்தை எண்ணட்டும். நான்கு என்று தவறாக எண்ணினாலும் குற்றமில்லை. அடுக்களைக்கு ஓடிப்போய் இன்னொரு காயை எடுத்துப் பார்க்கும். அந்த ஓட்டமே அப்பாட்டின் வெற்றி எனலாம்.

இதையெல்லாம் எழுதப் பெரும்புலவர் வரவேண்டும் என்று காத்திருக்கலாகாது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா வங்கிப் பணியில் இருந்துகொண்டே பாடியவர். 'மலரும் உள்ளம்' 1944இல் வெளிவந்தபோது அவருக்கு இருபதைச் சற்றே கடந்த வயது. ஏறத்தாழ நம் வயதுதான்! நம் கல்லூரியில் தாவரவியல் மாணவருக்குத் தண்டின் குறுக்குவெட்டு தெரியும். தமிழ் மாணவருக்குச் சந்தம் தெரியும். குறிப்பேட்டின் ஓரமெல்லாம் படம் வரையும் நண்பர்கள் வகுப்புக்கு இருவராவது உண்டு. மூவரும் ஒன்று கூடினால், பேராசிரியப் பெருமக்களும் துணை நின்றால், அடுத்த ஆண்டு மலரில் பத்துப் பக்கம் குழந்தைகளுக்காக ஒதுக்க முடியாதா?

முதல் பக்கத்துக்கு என் அக்காள் மகளிடம் படம் கேட்கப் போகிறேன். இம்முறை "மலை வரை" என்று சொல்லமாட்டேன். "யானைமலையை வரை" என்று சொல்வேன்.